முக்கால் விநாடி

வீடு மாறியவர்களுக்குத் தெரியும். புது வீட்டில் எல்லா வசதியும் இருக்கும். ஆனால் இருட்டில் கை மட்டும் பழைய வீட்டுச் சுவரில் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்கும். அந்தக் கையைச் சமாதானப்படுத்துவதுதான் பிருந்தாவின் தொழில். ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பல காலம் குடியிருந்த மென்பொருளைச் சட்டி பானையோடு கிளப்பிக் கொண்டுபோய் இன்னொன்றில் குடிவைக்க வேண்டும். அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வீடு மாறியதே தெரியக் கூடாது. போர்ட்டிங் என்பார்கள். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அவர்கள் அலுவலகத்துக்கு மருத்துவக் கருவி, மில் இயந்திரம், லிஃப்ட் என்று எது எதுவோ வரும். எல்லாமே அநாதைகள். செய்த கம்பெனி மூடியிருக்கும், இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்தை உலகம் கைகழுவியிருக்கும்.

அந்த வருஷம் பங்குனியில் அவள் மேசைக்கு வந்த அநாதை, அவள் கணவரின் குரல்.

செங்கோடன் என்றால் ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கபடி ரசிகர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வார நாட்களில் பம்புசெட் விற்பனை. சனி ஞாயிறானால் கபடி வர்ணனை. மைக் கைக்கு வந்துவிட்டால் ஆள் வேறு. "பாடி வர்றாரு பாருங்க, பாடி வர்றாரு பாருங்க, ஊட்டுல சொல்லீட்டு வந்தாரான்னுதான் தெரியலீங்க!" என்பார். பிடிபட்டவன்கூடச் சிரித்துக்கொண்டேதான் வெளியே போவான். பிருந்தா கல்லூரி அணியில் ஆடியவள். பனியனில் ஏழாம் எண். ஒரு போட்டியில் அவள் பாடிப் போனபோது, "ஏழாம் நம்பரு புள்ள வருதுங்க, புடிக்கறவன் புண்ணியம் செஞ்சவனுங்க!" என்று ஒலிபெருக்கி சொன்னது. மைதானமே சிரித்தது. அவள் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்து மேடையைப் பார்த்து முறைத்தாள். அந்த முறைப்பு கல்யாணத்தில் முடிந்தது. அன்றிலிருந்து அவருக்கு அவள் ஏழு. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயரை அவர் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் முன்னாலும் ஏழு, சண்டையிலும் ஏழு.

ஒரு இறுதிப் போட்டியில் மைக்கைப் பிடித்தபடியே அவர் சரிந்தார். பக்கவாதம். நடை திரும்பியது. வலக்கையும் பேச்சும் திரும்பவில்லை. கேட்பதெல்லாம் புரிந்தது, சிரிப்பு வந்தது, கோபம் வந்தது. சொல் மட்டும் வரவில்லை. இடக்கையால் எழுத உட்கார்ந்தாலும் எழுத்துகள் இடம் மாறி மாறி விழுந்தன.

அப்போதுதான் பெட்டி வந்தது. தலைக்குள் ஒரு சிறு தகடு, கழுத்தில் தாயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி. அவர் பேச நினைத்ததும் அந்த நினைப்பின் நுனியைத் தகடு பிடித்துக்கொள்ளும். மீதியைப் பெட்டி ஊகிக்கும். ஊகித்த வாக்கியத்தை முதலில் அவர் காதுக்குள் மட்டும் சொல்லும். அவர் சொல்ல நினைத்தது அது இல்லை என்றால் பல்லைக் கடிக்க வேண்டும். அதுதான் 'வேண்டாம்'. பெட்டி அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடும். கடிக்காவிட்டால் வெளியே பேசிவிடும், அவருடைய பழைய குரலிலேயே. ஊகிக்கவும் அது பழைய செங்கோடனிடம்தான் கற்றிருந்தது. நண்பர்கள் வர்ணனைப் பதிவுகளைக் கொடுத்தார்கள். பிருந்தா தனக்கு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் கொடுத்தாள்.

பெட்டிக்குத் தெரியாத புதுச் சொல் என்றால் பெரும்பாடு. வருகிற ஊகத்தையெல்லாம் மறுத்துக்கொண்டே இருந்தால், கடைசியில் அது கைவிரித்துவிட்டு, அவர் நினைக்கும் ஒலியை ஒவ்வொன்றாக வெளியே விடும். அதற்குள் அவருக்கு நெற்றி வியர்த்துவிடும். முடிந்ததும் பெட்டி தன்னுடைய சொந்தப் பெண் குரலில் கேட்கும்: "புதிய சொல். நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?" மாத்திரையின் பெயரை அப்படித்தான் சேர்த்தார். பக்கத்து வீட்டு நாயின் பெயரையும். பிறகு அவை தாமாக வந்தன.

இவ்வளவு செய்தும் மூன்று வருஷமாக அவரிடமிருந்து வந்ததெல்லாம் "தண்ணி", "போதும்", "ஃபேன்". ஊர் சிரிக்கப் பேசிய மனிதர். சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஹாலில் உட்கார்ந்திருக்கும் செங்கோடன் அவளைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். கடித்துக்கொண்டே இருப்பார். தாடை வலிக்காதா என்று அவளுக்குத் தோன்றும். தப்புத் தப்பாக ஊகிக்கும் பெட்டியின் மேல் ஆத்திரம் பொங்கும். பார்க்கச் சகிக்காமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். பின்னாலிருந்து, எப்போதாவது, "வந்துட்டியா" என்று ஒன்று வரும்.

பெட்டி மேல் பழிபோடுவது அவளுக்கு வசதியாக இருந்தது. இன்னொரு நினைப்பும் உண்டு. அதைக் கிட்டத்தில் விடாமல் வைத்திருந்தாள். ஒருவேளை தன்னிடம் சொல்ல அவருக்கு ஒன்றும் மிச்சமில்லையோ? அந்த நினைப்பு முந்திக்கொண்டு வரும் நாட்களில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பழைய வாய்ஸ் மெசேஜ்களைக் காதில் வைத்துக் கேட்பாள். "ஏழு, வர்றப்ப தேங்கா பன்னு வாங்கீட்டு வா சாமி" என்பது போன்ற ஒன்றுக்கும் உதவாத மெசேஜ்கள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். சோப்பு பட்டுவிட்டது என்பாள்.

பெட்டி ஓடிய சிஸ்டத்தின் பெயர் கிரானைட். பெயருக்கு ஏற்றபடி உறுதியானது, மந்தமானது. அதற்கான சில்லுகளை இப்போது யாரும் செய்வதில்லை. பெட்டியைச் செய்த கம்பெனி இதற்கிடையில் மூடிவிட்டது. அதே பெட்டி வைத்திருந்த நாற்பது சொச்சம் குடும்பங்கள் சேர்ந்து, கெஞ்சிக் கூத்தாடி, மென்பொருளின் மூலநிரலை மட்டும் வாங்கி வைத்திருந்தார்கள். செங்கோடனின் பெட்டி மதியமானால் சூடாகி அணைந்துபோக ஆரம்பித்ததும், பிருந்தா முதலாளியிடம் போய் நின்றாள். அவர் மறுக்கவில்லை. தும்பி என்ற புது சிஸ்டத்துக்கு அதைக் குடிமாற்ற வேண்டும். தும்பி வேகமானது, சூடாகாது, சில்லுகள் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

"பழசுல என்ன இருந்துச்சோ அது புதுசுல இருக்கோணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது." அலுவலகத்தில் சேருகிற புதியவர்களிடம் பிருந்தா சொல்கிற வேதவாக்கு இது. இந்த முறை தனக்கே தினமும் சொல்லிக்கொண்டாள். ஒரு வரி விடாமல் மாற்றினாள். சோதனை பார்க்கும் ரெஜினா, அவளுடைய பத்து வருஷத் தோழி, 'வேண்டாம்' சமிக்ஞைக்கு மட்டும் நூற்றுக்கணக்கான சோதனைகள் எழுதினாள். எல்லாவற்றிலும் பச்சை டிக். சித்திரை பிறந்ததும் புதுப்பெட்டி செங்கோடன் கழுத்தில் ஏறியது.

மறுநாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் ஹாலிலிருந்து வந்தது.

"வர்றா பாருங்க, வர்றா பாருங்க! ஏழாம் நம்பரு வந்துட்டா, இனி ஆட்டம் சூடு புடிக்குமுங்க!"

கையிலிருந்த பை விழுந்து தக்காளி உருண்டது. பிருந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள், எது முதலில் என்று அவளுக்கே தெரியாது. செங்கோடன் தலையை ஆட்டினார். இடக்கையை உயர்த்தினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பேசுங்க மாமா. இன்னும் பேசுங்க."

உயர்த்திய கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

அதன்பின் வீட்டில் கொண்டாட்டம்தான். தோசை வார்த்தால் வர்ணனை, துணி காயப்போட்டால் வர்ணனை. "ஏழு, இந்தச் சட்டினிக்கு ஒரு போனஸ் புள்ளி!" அவருடைய அக்கா மரகதம் கரட்டடிபாளையத்திலிருந்து தினம் போன் செய்து, "தம்பிகிட்ட குடு கண்ணு" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பிருந்தா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பதை நிறுத்தினாள். பதினைந்து வருஷம் இளமையாகிவிட்டாய் என்று ரெஜினா கிண்டல் செய்தாள். மற்றக் குடும்பங்களுக்கும் புதுப் பதிப்பு போயிற்று. அவர்களுடைய குழுவில் நன்றி நன்றி என்று குவிந்தது. கரூரிலிருந்து கயல் என்ற பெண், "மூணு வருஷம் கழிச்சு எங்கப்பா என்னைத் தங்கம்னு கூப்பிட்டார் அக்கா" என்று எழுதியிருந்தாள்.

செங்கோடன் இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். பழக்க தோஷம் என்று பிருந்தா நினைத்தாள். கேட்க ஆசைப்பட்டது கேட்கும்போது யார் தாடையைப் பார்ப்பார்கள்?

வைகாசியில் ராசப்பன் இறந்துபோனார். செங்கோடன் வர்ணனை செய்த எல்லாப் போட்டியிலும் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளிப் பலகை மாற்றியவர். செங்கோடன் விழுந்த அன்று மடியில் தாங்கியவரும் அவரே. பிருந்தாவும் செங்கோடனும் எழவுக்குப் போனார்கள். வாசலில் சாமியானா, உள்ளே கண்ணாடிப் பெட்டி, தலைமாட்டில் ராசப்பனின் மனைவி. செங்கோடன் போய் நின்றார். நண்பனின் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல நினைத்தார்.

"மூச்ச உட்டுட்டாருங்க!" என்று முழங்கியது பெட்டி. "ஆட்டக்காரரு வெளிய! எதிரணிக்கு ஒரு புள்ளி!"

ஒப்பாரி நின்றது. ராசப்பனின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். செங்கோடன் இடக்கையால் பெட்டியை அடித்தார், கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். பெட்டி விடாமல், "கை தட்டுங்க, கை தட்டி அனுப்பி வையுங்க!" என்றது. பிருந்தா பாய்ந்து அதை அணைத்தாள். அவர் தாடை இறுகி, காதுக்குக் கீழே நரம்பு புடைத்து நின்றது. பல் நெரியும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பழக்க தோஷம் இல்லை. இந்த மனிதர் வேண்டாம், வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பழைய பெட்டியையும் புதுப்பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்தாள் ரெஜினா. இரண்டும் காதுக்குள் ஒரே நேரத்தில்தான் சொல்லின. வெளியே பேசுவதில் மட்டும் பழையது பின்தங்கியது. கவனித்துக் கேட்காவிட்டால் தெரியாத அளவு சின்ன இடைவெளி.

"எவ்வளவு?" என்று கேட்டாள் பிருந்தா.

"முக்கால் விநாடி." ரெஜினா திரையைத் திருப்பிக் காட்டினாள். "கிரானைட்ல வெளிய போற சத்தமெல்லாம் க்யூல நின்னுதான் போகும். ரேஷன் கடை மாதிரி. தும்பில க்யூவே இல்ல. காதுக்குள்ள சொல்ற அதே நேரத்துல வெளியவும் பேசிருது. அண்ணன் கேட்டுட்டு, இது நான் சொல்ல வந்ததில்லைன்னு பல்லைக் கடிக்கறதுக்குள்ள, ஊரே கேட்டுருது. பேசி முடிச்சதுக்கு அப்புறம் வர்ற 'வேண்டாம்'ங்கறத பெட்டி கண்டுக்காது."

"அந்த முக்கால் விநாடி நிரல்ல எங்கயும் இல்லையே ரெஜினா. நான் ஒவ்வொரு வரியா பாத்தேன்."

"இருந்தாத்தானே பாப்ப? அதை யாரும் எழுதல. கிரானைட் சோம்பேறி, அவ்வளவுதான். அந்தச் சோம்பேறித்தனத்துக்குள்ளதான் மனுஷன் யோசிச்சுட்டு இருந்திருக்கான்."

"டெஸ்டெல்லாம் பச்சையா வந்துச்சே?"

"டெஸ்டுல வேண்டாம்னு சொன்னது யாரு? என்னோட ஸ்கிரிப்டு. சொல்றதுக்கு முன்னாடியே வேண்டாம்னுரும். அதுக்கென்ன காதா, பல்லா? தப்பு எம்மேலயும்தான்டி."

சரிசெய்வது கஷ்டமே இல்லை. ஒரு வரி. வெளியே பேசுவதற்கு முன் முக்கால் விநாடி காத்திரு என்று ஒரே வரி. நாற்பது குடும்பங்களுக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதினாள் பிருந்தா. தவறு எங்களுடையது, திருத்தம் வருகிறது, இந்த ஒரு மாதத்தில் பெட்டி பேசியதையெல்லாம் அவர்கள் பேசியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு கரூர் கயல் போன் செய்தாள்.

"அக்கா, எங்கப்பா பெட்டிக்கு மட்டும் அந்தத் திருத்தம் வேண்டாங்க்கா."

"கயல், அவர் சொல்ல நெனைக்காதத அது சொல்லுதும்மா."

"தெரியுதுங்க்கா. படிச்சேன். ஆனா தங்கம்னு கூப்பிடறாரே. பழைய பெட்டில ஒரு நாள்கூட கூப்பிடலியே."

"அவர்கிட்டயே கேளு. தலையாட்டச் சொல்லு."

"வேண்டாம்னு ஆட்டிட்டார்னா?"

யாராவது கேட்டுவிடக் கூடாதே என்று பிருந்தாவும் அதே கேள்வியைத்தான் முந்தானைக்குள் முடிந்து வைத்திருந்தாள். எழவு வீட்டில் அவர் மறுத்தது சரி. ஏழு? ஏழையுமா மறுத்தார்?

சோதனைப் பலகையில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு உண்டு. 'வேண்டாம்' வந்தால் எரியும். திருத்தத்தை ஏற்றுவதற்கு முன், அதை மட்டும் புதுப்பெட்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எழவு வீட்டிலிருந்து வந்ததிலிருந்து பெட்டி அணைத்தே இருந்தது. செங்கோடன் அவள் மாட்டிவிடும்வரை பேசாமல் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வாசலுக்குப் போனாள். செருப்பைப் போட்டுக் கழற்றினாள்.

"வர்றா பாருங்க, வர்றா பாருங்க! ஏழாம் நம்பரு..."

விளக்கு எரிந்தது. சொல் வெளியே வந்து, கொஞ்சம் பின்னால், சிவப்பாக.

"ஏழு, வா சாமி, பக்கத்துல உக்காரு."

மறுபடியும் எரிந்தது.

"ஏழு."

எரிந்தது.

அந்த வா சாமி எந்த மெசேஜில் வந்தது என்றுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. மழைக்காலம், அவள் பயிற்சிக்குப் போய் நனைந்து வந்த நாள். ஒரு மாதமாகக் கேட்டதில் ஒன்றுகூட அவள் அதற்கு முன் கேட்காதது இல்லை. தெரிந்துதான் இருந்தது. குளியலறையில் ரகசியமாகக் கேட்டதை ஹாலில் வைத்துக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். இந்த மனிதர், அவள் எதிரே உட்கார்ந்திருக்கும் நரைத்த மனிதர், ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் திருத்தத்தை ஏற்ற உட்கார்ந்தபோது ரெஜினா அவள் முகத்தைப் பார்த்தாள். "அது ஒரு நம்பர்தான் பிருந்தா. முக்காலுக்குப் பதிலா அரைன்னு வெச்சா, பாதி அவரால நிறுத்த முடியும். பாதி வந்துரும். உன் வீட்டுப் பெட்டிக்கு மட்டும். யாருக்கும் தெரியாது."

பிருந்தாவின் விரல் விசையின் மேல் நின்றது. பாதி ஏழு. வாரத்துக்கு ஒரு வா சாமி. பொய் சொல்வானேன், ஆசைப்பட்டாள். ராசப்பன் வீட்டில் கேட்ட பல் நெரியும் சத்தம் காதிலேயே இருந்தது. முக்கால் என்று அடித்தாள். மனசு மாறுவதற்குள் எழுந்து போய் முகம் கழுவினாள்.

அன்று சாயங்காலம் வீடு அமைதியாக இருந்தது. அவள் உள்ளே வந்தாள். செங்கோடன் நிமிர்ந்து பார்த்தார். பெட்டி பேசவில்லை. அவள் கழற்றாமல் விட்டிருந்த விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. வழக்கம்போல அடுப்படிக்குப் போகத் திரும்பியவள், விளக்கைப் பார்த்து நின்றுவிட்டாள். எரிந்து, அணைந்து, எரிந்து. அவர் காதுக்குள் வந்து நிற்கும் ஒவ்வொரு ஏழையும், ஒவ்வொரு வர்ணனையையும் அவர் திருப்பி அனுப்புவதைப் பார்த்துக்கொண்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க மாமா," என்றாள். "மொத நாளே எனக்குப் புரிய வெச்சிருக்கலாமில்லீங்க? கையப் புடிச்சு இழுத்துச் சொல்லியிருந்தா எனக்குத் தெரியாதுங்களா?"

விளக்கு பல முறை எரிந்தது. அவர் நெற்றியில் வியர்வை முத்திட்டது. பெட்டி கைவிரித்துவிட்டு, ஒலி ஒலியாக விட ஆரம்பித்தது.

"நீ... சிரி... ச்சே."

பிருந்தாவுக்கு அந்த உயர்த்திய கை ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல எழுந்து, அவள் கன்னத்தில் நின்றுவிட்ட கை. ஒரு மாதம் முழுவதும் தன் வீட்டுக்குள் தன் குரலில் வேறொருவனை விட்டுவிட்டு, இவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவள் சிரிக்கிறாள் என்பதற்காக.

"அப்பறம் ஏனுங்க அந்தப் பேர வேண்டாங்கறீங்க?" "ஏழுன்னு கூப்பிடப் புடிக்கலீங்களா? எம்மேல ஆசை விட்டுப்போச்சுங்களா?"

அவர் இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினார். இடக்கையால் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். விளக்கு எரிந்தது, எரிந்தது. தாடை நடுங்கியது.

"அது... பழைய... ஆட்டம்."

மூச்சு வாங்கினார். அவள் துண்டை எடுத்து நெற்றியைத் துடைக்கப் போனாள். அவர் அவள் கையை விலக்கினார். இன்னும் முடியவில்லை. விளக்கு மறுபடி எரியத் தொடங்கியது. இந்த முறை வெகுநேரம். வெளியே பால்காரர் மணியடித்துவிட்டு, ஆள் வராததால் போயே போய்விட்டார். ஒரு கட்டத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பற்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. பிருந்தா அசையவில்லை.

"பி," என்றது அவர் குரல்.

விளக்கு எரிந்து அணைந்தது.

"ருந்..."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தா."

அந்தப் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. எந்த மெசேஜிலும் இல்லை. பழைய செங்கோடன் ஒரு நாளும் சொன்னதில்லை. பெட்டியால் ஊகிக்கவே முடியாது. மூன்று வருஷமாக வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எதற்கு என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. ஒவ்வொரு நாளும் ஆரம்பித்திருக்கிறார். அவள்தான் பாதியில் திரும்பி அடுப்படிக்குப் போயிருக்கிறாள்.

பெட்டி தன் சொந்தக் குரலில் கேட்டது: "புதிய சொல். நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?"

செங்கோடன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. பல்லைக் கடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"சரி," என்றது பெட்டி.

அந்தப் பெயரைப் பெட்டியின் ஊகமாக்க அவருக்கு விருப்பமில்லை. அப்படியென்றால் நாளைக்கும் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செருப்பைக் கழற்றியதும் அங்கேயே நிற்க வேண்டும் என்று பிருந்தா நினைத்துக்கொண்டாள்.